பழைய பதிவாளர் பதில்கள்: கிரயப் பத்திரங்களுக்கு நடுவே சிப்பாய்கள்

முப்பத்து மூன்று ஆண்டுகள் சார்பதிவாளர் அலுவலகங்களில் காலம் தள்ளிவிட்டு, இப்போது அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில் ஒரு கிராமப்புறக் கவுண்டியில் மகள் வீட்டில் இருக்கிறேன். வாரம் இரண்டு நாள் இங்குள்ள கோர்ட் ஹவுஸுக்குப் போய், பழைய சிப்பாய்களின் பதிவேட்டுக்கு அட்டவணை தயாரித்துக் கொடுக்கிறேன் என்று சென்ற இதழில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் அந்த ஒரு வரியைப் பற்றித்தான். ஆகவே இந்த இதழ் முழுக்க அதற்கே. கவுண்டியின் பெயரைக் கேட்டவர்களுக்கு: பத்தாயிரம் பேர் இருக்கிற இடத்தில் யாரைப் பற்றி எழுதினாலும் இன்னொருவருக்கு மாமா முறையாக வரும். பெயர் எழுதக் கூடாது என்பது மகளின் உத்தரவு.

கேள்வி: நிலம் பதிகிற அலுவலகத்தில் சிப்பாய்க்கு என்ன வேலை? (பாளையங்கோட்டையிலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர்)

நானும் முதல் நாள் இதையேதான் கேட்டேன், அம்மா. கவுண்டி என்பதை நம் தாலுகாவைவிடக் கொஞ்சம் பெரியது, மாவட்டத்தைவிடச் சிறியது என்று வைத்துக்கொள்ளுங்கள். மிசௌரியில் மட்டும் 114 கவுண்டிகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு தலைமை ஊர், ஊர் நடுவே சதுக்கம், சதுக்கத்தின் நடுவே கோர்ட் ஹவுஸ். பெயர்தான் கோர்ட். வரி கட்டுவதும், திருமண உரிமம் வாங்குவதும், பத்திரம் பதிவதும் பெரும்பாலும் அங்கேதான்.

இரண்டாம் உலகப் போர் முடிந்து ஊர் திரும்பிய ஒவ்வொருவரிடமும் ராணுவம் ஒரே ஒரு தாளைக் கொடுத்து அனுப்பியது. கௌரவமாக விடுவிக்கப்பட்டார் என்ற சான்று அது. 1944 ஜூனில் நிறைவேறிய சட்டத்தின்படி கல்லூரிப் படிப்புக்கும் வீட்டுக் கடனுக்கும் அந்தத் தாளைக் காட்டியாக வேண்டும். வயல் வீட்டில் தீப்பிடித்தாலோ, எலி கடித்தாலோ, மனைவி துணியோடு சேர்த்துத் துவைத்துவிட்டாலோ அத்தனையும் போயிற்று. அதனால் ‘உங்கள் ஊர் கோர்ட் ஹவுஸில் இதைப் பதிந்து வைத்துவிடுங்கள்’ என்று திரும்பியவர்களுக்குச் சொல்லியனுப்பினார்கள். கட்டணம் கிடையாது. பதிவு அலுவலகத்தில் காசில்லாமல் ஒரு வேலை நடந்தது என்றால் நம் வாசகர்கள் நம்ப மாட்டார்கள். நானும் அந்த விதியை இரண்டு முறை படித்தேன்.

கிரயம், அடமானம், பாகப்பிரிவினை என்று அடுக்கிய அலமாரியின் கடைசித் தட்டில் சிப்பாய்களின் தொகுதிகள் இப்படித்தான் வந்து உட்கார்ந்தன. நம் அலுவலகமாக இருந்தால் புத்தகம் 4-இல் சேர்த்திருப்பேன். சொத்தும் அல்ல, உயிலும் அல்ல, ஆனால் பதிய வேண்டியது.

கேள்வி: ஒரு பக்கத்தில் என்னதான் இருக்கும்? ஒன்றை எடுத்துக் காட்டுங்களேன். (தேவகோட்டை வாசகர்)

காட்டுகிறேன், பெயரை மட்டும் மறைத்துவிட்டு. தொகுதியின் கனம் ஒரு கைக்குழந்தையின் கனம். பிரித்தால் பக்கம் கறுப்பு, எழுத்து வெள்ளை. அந்தக் கால ஒளிநகல் இயந்திரம் நெகட்டிவாகத்தான் எடுக்கும். கறுப்பு வெள்ளையாகும், வெள்ளை கறுப்பாகும். முதல் வாரம் கண் வலித்தது. இப்போது வெள்ளைத் தாளைப் பார்த்தால்தான் ஏதோ குறைவது போல இருக்கிறது.

இது 53-55 என்ற எண்ணுள்ள படிவம். ஆள் ஒரு பண்ணையாள். உயரம் ஐந்தடி எட்டு அங்குலம், கண் நீலம், முடி பழுப்பு. பள்ளிப் படிப்பு எட்டாம் வகுப்போடு நின்றுவிட்டது. படை எண் 37-இல் தொடங்குகிறது. இந்த எண்ணில் ஒரு கதை உண்டு. முதல் இலக்கம் 3 என்றால் கட்டாய ஆள்சேர்ப்பில் வந்தவர். 1 என்றால் தானாக வந்து சேர்ந்தவர். 2 என்றால் தேசியக் காவல் படையிலிருந்து வந்தவர். அடுத்த 7 ஏழாவது மண்டலம். மிசௌரி, கான்சஸ், அயோவா, நெப்ராஸ்கா எல்லாம் அதில் அடக்கம். ஆகவே 37 என்று பார்த்ததுமே, அரசாங்கம் கூப்பிட்டுப் போன நடு அமெரிக்கக் கிராமத்துப் பையன் என்று சொல்லிவிடலாம். 17 என்றிருந்தால், அம்மா தடுத்திருப்பாள், கேட்காமல் போயிருப்பான் என்று நானே ஒரு கதை கட்டிக்கொள்வேன்.

1943 மார்ச்சில் சேர்ந்தார். வேலை எண் 745, அதாவது துப்பாக்கி வீரர். 1944 பிப்ரவரியில் கப்பல் ஏறியிருக்கிறார். போன இடம் என்ற கட்டத்தில் ஈ.டி.ஓ. என்று மூன்று எழுத்து. அது ஏதோ துறைமுகம் என்று நினைத்து வரைபடத்தில் தேடினேன். ‘ஐரோப்பிய தியேட்டர்’ என்று அலுவலகத்து அம்மாள் விளக்கினார். இவர்கள் போர்க்களப் பகுதியைத் தியேட்டர் என்றுதான் சொல்வார்களாம். நமக்குத் தியேட்டர் என்றால் இடைவேளையும் முறுக்கும்தான் நினைவுக்கு வருகிறது.

கலந்துகொண்ட போர்கள்: நார்மண்டி, வட பிரான்ஸ், ரைன்லாந்து. காயம்பட்டதற்கான பதக்கம் ஒன்று. அம்மை, டைபாய்டு, டெட்டனஸ் ஊசி போட்ட தேதிகள். அதற்கும் கீழே ஒரு மூலையில் 69 என்று ஓர் எண். இதற்கு எனக்கு ஒரு மாலைப்பொழுது பிடித்தது. யாரை முதலில் வீட்டுக்கு அனுப்புவது என்று தீர்மானிக்க ராணுவம் மதிப்பெண் போட்டிருக்கிறது. பணியில் இருந்த மாதத்துக்கு 1, அதில் கடல் கடந்து இருந்த மாதத்துக்கு இன்னொரு 1, ஒவ்வொரு போருக்கும் பதக்கத்துக்கும் 5, ஒரு பிள்ளைக்கு 12, மூன்று பிள்ளைகள் வரை. 1945 செப்டம்பர் 2 வரை இவருக்குக் கணக்குப் போட்டேன்: 30, 19, 15, 5. கூட்டினால் 69, சரியாக வந்தது! ஜெர்மனி சரணடைந்த மே மாதத்தில் 85 இருந்தால்தான் வீடு. இவர் நவம்பர் வரை காத்திருந்தார். கல்யாணமாகி ஒரு பிள்ளை இருந்திருந்தால் முன்பே கப்பல் ஏறியிருப்பார்.

விடுவித்த இடம் செயின்ட் லூயிஸ் நகருக்கு அருகே ஜெஃபர்சன் பாரக்ஸ். ஊர் திரும்பும் தொகை 300 டாலர், கையில் கொடுத்தது 100. வழிச்செலவு மைலுக்கு 5 சென்ட். எங்கள் கவுண்டிக்கு 150 மைல். ஏழரை டாலர்.

கடைசிக் கட்டத்தில் பெருவிரல் ரேகை. கறுப்புப் பக்கத்தில் வெள்ளை ரேகை. அதைப் பார்த்ததும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டேன். நம் அலுவலகத்தில் எத்தனை ஆயிரம் விரல்களை மையில் உருட்டியிருப்பேன்!

கேள்வி: ராணுவத்துக்கென்று தலைமை ஆவணக் காப்பகம் இருக்குமே. ஊர்ப் பதிவேட்டுக்கு இவ்வளவு மரியாதை எதற்கு? (கோவை வாசகி)

இருந்தது. எரிந்துவிட்டது.

செயின்ட் லூயிஸ் நகருக்கு வெளியே ஓவர்லேண்ட் என்ற இடத்தில் ஆறு மாடிக் கட்டடம். படையில் பணியாற்றி வெளியேறியவர்களின் பணிப்பதிவேடுகள் நாடு முழுவதிலிருந்தும் வந்து அங்கேதான் சேரும். ஒவ்வொரு மாடியும் 728 அடி நீளம், 282 அடி அகலம். 1973 ஜூலை 12 அன்று நள்ளிரவு தாண்டிச் சில நிமிடங்களில் ஆறாம் மாடியில் தீ. வண்டிகள் ஐந்து நிமிடத்துக்குள் வந்துவிட்டன. என்ன பயன்? நாலாபக்கமும் காகிதம். தீ கட்டுக்குள் வர ஒரு நாள் ஆயிற்று. முற்றிலும் அணைந்தது 16-ஆம் தேதி. எதனால் பற்றியது என்பது கடைசி வரை நிரூபணமாகவில்லை.

காப்பகங்கள் நடத்துபவர்கள் படிக்க வேண்டிய பாடம் இனிமேல்தான். அந்த மாடியில் தானியங்கி நீர்த்தெளிப்பான் கிடையாது. ஆவணம் நனைந்துவிடும் என்ற பயம். கட்டும்போதே அந்த விவாதம் நடந்து, தண்ணீர் வேண்டாம் என்று முடிவு செய்திருந்தார்கள். கடைசியில் தீயணைப்புக் குழாய்களின் வெள்ளம் மாடி மாடியாக இறங்கி, எரியாத கோப்புகளையும் ஊற வைத்துவிட்டது. ஜூலை மாதத்து மிசௌரி வெயிலும் புழுக்கமும் நம் சித்திரைக்குச் சளைத்ததல்ல. பூஞ்சணம் பிடிக்கத் தொடங்கியது. நனைந்த கோப்புகளைப் பால் பாக்கெட் வைக்கும் பிளாஸ்டிக் கூடைகளில் அள்ளிப்போட்டு, மக்டானல் டக்ளஸ் நிறுவனம் விண்கலங்களைச் சோதிக்க வைத்திருந்த வெற்றிட அறைக்குக் கொண்டுபோய் உலர்த்தினார்கள். ஒரு தடவைக்கு ஏறத்தாழ 2,000 கூடைகள். ஒவ்வொரு தடவையும் எட்டு டன் தண்ணீர் வெளியேறியதாம்.

போனது 1.6 கோடியிலிருந்து 1.8 கோடி கோப்புகள். 1912 நவம்பருக்கும் 1960 ஜனவரிக்கும் இடையில் தரைப்படையிலிருந்து வெளியேறியவர்களில் 80 சதவீதம் பேருடையவை. முதல் உலகப் போர், இரண்டாம் உலகப் போர், கொரியப் போர், மூன்றும் இதற்குள் அடங்கிவிடுகின்றன. விமானப் படையில் 1947 முதல் 1964 தொடக்கம் வரை வெளியேறியவர்களின் கதை இன்னும் விசித்திரம். அகர வரிசையில் ஹப்பார்ட் என்ற பெயர் வரைக்கும் தப்பியது. அதற்குப் பிறகு வரும் பெயர்களில் 75 சதவீதம் சாம்பல். ஆடம்ஸுக்குப் பணிக் கோப்பு இருக்கிறது, வில்சனுக்குப் பெரும்பாலும் இல்லை. கடற்படைக் கோப்புகள் பெரும்பாலும் பிழைத்தன.

நகல்? இல்லை. மைக்ரோஃபிலிம்? இல்லை. உள்ளே என்ன இருந்தது என்ற முழு அட்டவணையாவது? அதுவும் இல்லை. அட்டவணை இல்லாத பதிவறை என்று கேட்டபோது எனக்கு உடம்பு நடுங்கியது. அட்டவணை 1-உம் 2-உம் மாலைக்குள் எழுதி முடிக்காவிட்டால் வீட்டுக்கு விடாத மேலதிகாரிகளிடம் வேலை பார்த்தவன் நான்.

தாய்ப்பத்திரம் தீயில் போய்விட்டது. அப்போது நாட்டின் மூலை முடுக்கில் இருந்த கவுண்டிக்காரர்கள் கடைசித் தட்டிலிருந்து அந்தக் கறுப்புத் தொகுதிகளை இறக்கித் தூசி தட்டினார்கள். சிப்பாய்கள் 1946-இல் தாங்களே வந்து பதிந்த நகல் அங்கே இருந்தது. இப்போது சொல்லுங்கள், மரியாதை எதற்கென்று.

கேள்வி: ஊரில் பதியாதவர்கள் என்ன செய்தார்கள்? (ஈரோடு வாசகர்)

துண்டு துண்டாகச் சேர்த்தார்கள். ஒவ்வொரு படைப் பிரிவும் தினமும் காலை அறிக்கை எழுதும். யார் வந்தார், யார் மருத்துவமனைக்குப் போனார், யார் திரும்பவில்லை என்று. நம் வருகைப் பதிவேடு மாதிரி. அது தனியாக இருந்ததால் தப்பியது. கடைசிச் சம்பளப் பட்டியல் கிடைக்கும். படைவீரர் நலத் துறையிடம் எப்போதாவது உதவி கேட்டிருந்தால் அந்தக் கோப்பு வேறு இடத்தில் இருக்கும். படையில் சேர்ந்தபோது துளையிட்ட அட்டைகளிலிருந்து மீட்ட ஒரு பட்டியலும் இருக்கிறது. சுமார் 90 லட்சம் பேர். எந்தக் கவுண்டிக்காரர், என்ன தொழில், எத்தனையாவது வரை படித்தார் என்பது அதில் உண்டு.

180-ஆம் எண் படிவத்தில் எழுதிக் கேட்க வேண்டும். படைவீரருக்கும் நெருங்கிய உறவினருக்கும் பொதுவாகக் கட்டணமில்லை. வெளியேறி 62 ஆண்டு ஆகிவிட்டால் யார் வேண்டுமானாலும் கேட்டு வாங்கலாம்; அதற்கு நகல் கட்டணம் உண்டு. கருகிய ஓரத்தோடு தாள் கிடைத்தால் அதையே கையுறை போட்டுப் படியெடுத்து அனுப்புவார்கள்.

கேள்வி: திரும்பி வராதவர்களுக்கு எந்தப் பதிவேடு? (நாகர்கோவில் வாசகி)

நல்ல கேள்வி, அம்மா. விடுவிப்புச் சான்று உயிரோடு வந்தவருக்குத்தான். எங்கள் தொகுதியில் இறந்தவர் ஒருவரும் இல்லை. அவர்களைத் தேட வேறு புத்தகம் வேண்டும்.

1946-இல் போர்த் துறை மாநிலம் மாநிலமாக ஒரு பட்டியல் அச்சிட்டது. தரைப்படையிலும் அதன் விமானப் பிரிவிலும் இறந்தவர்கள், காணாமல் போனவர்கள். அது கவுண்டி வாரியாகப் பிரிக்கப்பட்டிருக்கும். பெயர், படை எண், பதவி, கடைசியில் இரண்டு மூன்று எழுத்துச் சுருக்கம். போரில் கொல்லப்பட்டவருக்கு ஒன்று, காயத்தால் பிறகு இறந்தவருக்கு ஒன்று, போரில் அல்லாமல் விபத்திலோ நோயிலோ இறந்தவருக்கு ஒன்று. எஃப்.ஓ.டி. என்று ஒரு சுருக்கம் உண்டு. உடல் கிடைக்கவில்லை, ஆனால் இறந்துவிட்டார் என்று அரசு தீர்மானித்தது என்று பொருள். ஏழாண்டு காணாமல் போனவருக்கு நம் நீதிமன்றங்கள் எழுதுமே, அந்த வகை. அந்த மூன்று எழுத்தை ஒரு தாய் எப்படிப் படித்திருப்பாள் என்று யோசித்தால் கை தட்டச்சில் நிற்கிறது.

சின்ன இடம் எப்படி அடிபடும் என்பதற்கு வர்ஜீனியா மாநிலத்து பெட்ஃபோர்டைச் சொல்வார்கள். அப்போது ஊரில் சுமார் 3,200 பேர். உள்ளூர் தேசியக் காவல் படையினர் எல்லோரும் 116-ஆம் காலாட்படையின் ‘ஏ’ பிரிவில் ஒன்றாக இருந்தார்கள். 1944 ஜூன் 6 அன்று பிரான்ஸ் நாட்டு ஒமாஹா கடற்கரையில் முதலில் இறக்கிவிடப்பட்டவர்களில் அந்தப் பிரிவும் ஒன்று. அன்று மட்டும் பெட்ஃபோர்டுக்காரர்கள் 19 பேர் இறந்ததாகப் பல காலம் எழுதினார்கள். ஊருக்கு ஆறு வாரம் ஒன்றுமே தெரியாது. ஜூலை 17 அன்று, ஒரு மருந்துக் கடைக்குள் இருந்த தந்திப் பொறியில் தந்திகள் ஒன்றன்பின் ஒன்றாக வரத் தொடங்கின. ஒரே ஊர்ப் பிள்ளைகளை ஒரே பிரிவில் வைத்ததன் பலன். அந்த ஜூன் 6-ஐ இவர்கள் டி-டே என்பார்கள். தேசிய டி-டே நினைவிடம் அந்த ஊரில்தான் இருக்கிறது. 2001 ஜூன் 6 அன்று திறந்தார்கள்.

முதல் உலகப் போர் என்றால் கணக்கே வேறு. எங்கள் சதுக்கத்துக் கல்லில் 1918 என்று போட்டவர்களில் சிலர் பிரான்சையே பார்க்கவில்லை. கான்சஸில் இருந்த ஃபன்ஸ்டன் பயிற்சி முகாமிலேயே காய்ச்சலில் போனார்கள். அந்தப் போரில் சண்டையில் இறந்த அமெரிக்கர் 53,402 பேர். மற்றக் காரணங்களால் இறந்தவர் 63,114 பேர். அதில் பெரும்பங்கு இன்ஃப்ளூயன்சாவும் அதைத் தொடர்ந்த நிமோனியாவும். கல்லில் எல்லோருக்கும் ஒரே அளவு எழுத்துதான்.

கேள்வி: உங்கள் பதிவேட்டில் கருப்பினத்தவர் இருக்கிறார்களா? இல்லை, அங்கேயும் நம் ஊர்க் கதைதானா? (மதுரையிலிருந்து சட்டக் கல்லூரி மாணவர்)

இருக்கிறார்கள், ஆனால் எண்ணிக்கை குறைவு. ஏன் குறைவு என்பதுதான் நீங்கள் கேட்க வேண்டிய அடுத்த கேள்வி, தம்பி.

1917 ஜூன் 5 அன்று நாடு முழுவதும் 21 வயது முதல் 30 வயது வரையிலான ஆண்கள் உள்ளூர் வாரியங்களில் பெயர் பதிந்தார்கள். அந்த அட்டையின் இடது கீழ் மூலையில் சிறிய எழுத்தில் ஒரு குறிப்பு: ஆப்பிரிக்க வம்சாவளியினராக இருந்தால் இந்த மூலையைக் கிழித்துவிடவும். அட்டைக் கட்டைக் கையில் எடுத்தாலே யார் யார் என்று விரலுக்குத் தெரிந்துவிட வேண்டும் என்ற ஏற்பாடு. அந்த அட்டைகளின் படங்களைப் பார்த்திருக்கிறேன். சிலது கத்தரியால் ஒழுங்காக வெட்டியது. சிலது அவசரத்தில் பிய்த்தது, கையெழுத்தில் ஓர் எழுத்தும் சேர்ந்து போயிருக்கும். தென் மாநிலங்களில் பல ஊர்களின் நினைவுக் கல்லிலும் வெள்ளையர் பெயர்கள் மேலே, மற்றவர் பெயர்கள் தனித் தலைப்பில் கீழே.

அடுத்து, நீலத் தாள். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், கௌரவமும் இல்லை, குற்றமும் இல்லை என்று நீல நிறத் தாளில் விடுவிப்பு எழுதிச் சிலரை வெளியேற்றினார்கள். விசாரணை தேவையில்லை. 1941 டிசம்பருக்கும் 1945 ஜூனுக்கும் இடையில் அப்படி 48,000-க்கும் மேற்பட்டோர் வெளியேறினார்கள். அதில் ஐந்தில் ஒருவருக்கு மேல் கருப்பினத்தவர். படையில் அவர்களுடைய பங்கோ பத்தில் ஒன்றுகூட இல்லை. ஓரினச் சேர்க்கையாளர் என்று சந்தேகப்பட்டவர்களுக்கும் இதே தாள். படிப்பு உதவியை மறுத்தார்கள். வேலை கொடுப்பவனும் தாளின் நிறத்தைப் பார்த்ததுமே கதவைச் சாத்தினான். 1947-இல்தான் நிறுத்தினார்கள். எவனாவது அந்த நீலத் தாளைக் கொண்டுபோய்த் தன் ஊர் அலுவலகத்தில், தன்னை நன்றாகத் தெரிந்த குமாஸ்தாவிடம், ‘இதைப் பதிந்து கொடுங்கள்’ என்று நீட்டுவானா? எங்கள் தொகுதியில் அப்படி ஒன்றுகூட இல்லை. பதிவேடு ஊரைக் காட்டும் என்று நானும் ஒரு காலத்தில் நம்பினேன். அது கவுண்டர் வரை நடந்து வந்தவர்களைக் காட்டும், அவ்வளவுதான்.

படையில் நிறப் பிரிவினை கூடாது என்று 1948 ஜூலை 26 அன்று உத்தரவிட்ட அதிபர் ட்ரூமன் இதே மிசௌரியில், லமார் என்ற சிற்றூரில் பிறந்தவர். அதையும் சொல்லிவிட வேண்டும்.

கேள்வி: பெண்கள்? (திருச்சி வாசகி)

உண்டு. படை எண்ணுக்கு முன்னால் ‘ஏ’ என்ற எழுத்து இருந்தால் மகளிர் படைப் பிரிவு. இரண்டாம் உலகப் போரில் புது விமானங்களை ஓட்டிக்கொண்டுபோய்ச் சேர்த்த பெண் விமானிகள் ஆயிரத்துக்கும் மேல். அவர்களில் 38 பேர் இறந்தார்கள். ஆனால் அவர்களைப் படையினர் என்று ஒப்புக்கொள்ள 1977 வரை ஆயிற்று. விடுவிப்புச் சான்றே அதற்குப் பிறகுதான்.

கேள்வி: உள்நாட்டுப் போர்க்காரர்களும் உங்கள் பதிவேட்டில் வருவார்களா? (தஞ்சாவூரிலிருந்து கருவூலத் துறையில் ஓய்வு பெற்றவர்)

அமெரிக்காவின் வட மாநிலங்களும் தென் மாநிலங்களும் மோதி, 1865-இல் முடிந்த போர், ஐயா. சில கவுண்டிகளில் சான்றைக் கையெழுத்தாகப் படியெடுத்து வைத்திருக்கிறார்கள். ஆனால் உங்களுக்குப் பிடித்த விஷயம் அதுவல்ல, ஓய்வூதியம். கருவூலத்தில் இருந்தவருக்கு இந்தக் கதையைச் சொல்லாமல் விட மாட்டேன்.

வட கரோலினா மாநிலத்தில் வில்க்ஸ் என்று ஒரு மலைப்புறக் கவுண்டி. அங்கே 1846-இல் பிறந்தவர் மோஸ் டிரிப்லெட். முதலில் தெற்குப் படையில் சேர்ந்தார். அவருடைய 26-ஆம் வட கரோலினா பிரிவு கெட்டிஸ்பர்க் போருக்குப் போகும் வழியில் இவர் நோயில் விழுந்து மருத்துவமனையில் சேர்ந்தார், அங்கிருந்து ஓடிவிட்டார். கெட்டிஸ்பர்க்கில் அந்தப் பிரிவின் சுமார் 800 பேரில் 700-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தோ காயம்பட்டோ காணாமலோ போனார்கள். ஓடியவர் பிழைத்தார். 1864-இல் எதிர்ப்பக்கம், அதாவது வடக்குப் படையின் குதிரைக் காலாட்படையில் சேர்ந்தார். ஓய்வூதியம் கொடுப்பது ஜெயித்தவர்கள் அல்லவா?

முதல் மனைவி இறந்த பின், 1924-இல் எலிடா ஹால் என்ற பெண்ணை மணந்தார். அவருக்கு 78, பெண்ணுக்கு 34. 1930-இல் ஒரு மகள், ஐரீன். 1938-இல், கெட்டிஸ்பர்க் போரின் 75-ஆம் ஆண்டு நிறைவுக்குப் போய்வந்த சில நாட்களில், 92 வயதில் மோஸ் காலமானார். மகளுக்கு மனவளர்ச்சிக் குறைபாடு இருந்ததால், நம் விதியில் மாற்றுத்திறனாளிப் பிள்ளைக்குக் குடும்ப ஓய்வூதியம் தொடர்வது போல, அந்த அம்மாளுக்கும் தொடர்ந்தது. மாதம் 73 டாலர் 13 சென்ட். அவர் இறந்த நாள் 2020 மே 31.

1865-இல் முடிந்த போருக்கு 2020 வரை பட்டுவாடா! ஆண்டுதோறும் உயிர்வாழ் சான்று கேட்டு ஓய்வூதியர்களை வரிசையில் நிறுத்திய துறை உங்களுடையது. அந்தக் கோப்பின் தடிமனை நீங்களே கற்பனை செய்துகொள்ளுங்கள்.

பொதுவாகச் சொன்னால், உள்நாட்டுப் போர்க்காரரின் பணிக் கோப்பைவிட ஓய்வூதியக் கோப்புதான் சுவையானது. பணிக் கோப்பு என்று கிடைப்பது 1890-களில் குமாஸ்தாக்கள் பழைய ஆள் வருகைப் பட்டியல்களைப் பார்த்து அட்டை அட்டையாகப் படியெடுத்தது. ஓய்வூதியக் கோப்பிலோ கல்யாணமானதை நிரூபிக்க விதவை கிழித்து அனுப்பிய குடும்ப பைபிளின் பக்கமே இருக்கும்.

கேள்வி: எல்லாம் இணையத்தில் வந்துவிட்டதே, இன்னும் எதற்குத் தூசியைக் கிளப்புகிறீர்கள்? (பெங்களூரிலிருந்து மென்பொருள் பொறியாளர்)

எல்லாம் வரவில்லை, வரவும் கூடாது. 1969 ஜூலை 1 முதல் தரைப்படையும் விமானப் படையும் படை எண்ணைக் கைவிட்டு, ஆளுக்கு ஒன்றாக அரசு கொடுக்கும் சமூகப் பாதுகாப்பு எண்ணையே சிப்பாயின் எண்ணாக வைத்துக்கொண்டன. வியட்நாமிலிருந்து வந்தவர்கள் வழக்கம்போலக் கோர்ட் ஹவுஸில் பதிந்தார்கள். வங்கிக் கணக்குத் திறக்கப் போதுமான எண், பிறந்த தேதி, கையெழுத்து, எல்லாம் பொதுப் பதிவேட்டில்! திருடனுக்கு இதைவிட என்ன வேண்டும்? பல மாநிலங்கள் பிறகு விழித்துக்கொண்டு அந்தத் தொகுதிகளைப் பூட்டின. நான் தொடுவதும் பழைய தொகுதிகளை மட்டும்தான்.

அட்டவணை மனிதன் போட்டால்தான் சரியாக இருக்கும் என்று சொல்ல வாய் வருகிறது. ஆனால் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். முதல் மாதம் மூன்று பேரை ‘ஜூனியர்’ என்ற குடும்பப் பெயரின் கீழ் சேர்த்துவிட்டேன். தந்தைக்கும் மகனுக்கும் ஒரே பெயரை வைத்துவிட்டு, மகன் பெயருக்குப் பின்னால் ஜூனியர் என்று போடுவது இவர்கள் வழக்கம். ஆனைக்கும் அடி சறுக்கும். அலுவலகத்து அம்மாள் ஒன்றும் சொல்லாமல் திருத்திவிட்டு எனக்கு ஒரு காபி கொண்டுவந்து வைத்தார். திட்டியிருந்தால் தேவலை.

கேள்வி: எங்கள் தாத்தா மெட்ராஸ் ரெஜிமெண்டில் இருந்தவர். எங்கே கேட்பது? (வேலூர் வாசகர்)

நீலகிரி வெலிங்டனில் அந்த ரெஜிமெண்டின் பதிவு அலுவலகம் இருக்கிறது. படை எண் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. பழைய பதக்கம் இருந்தால் அதன் விளிம்பைத் திருப்பிப் பாருங்கள், எண்ணும் பெயரும் பொறித்திருக்கலாம். உங்கள் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தையும் விடாதீர்கள்.

கேள்வி: படித்துக் கையெழுத்துப் போடத் தெரிந்தவர்களிடம் எதற்கு ரேகை வாங்கினார்கள்? (பாளையங்கோட்டை ஆசிரியையின் இரண்டாவது கடிதம்)

ஆளை அடையாளம் காணத்தான். எழுத்தறிவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. நீங்கள் கேட்டதும் திரும்பப் போய்த் தொகுதியைப் பிரித்துப் பார்த்தேன். நம் அலுவலகத்தில் இடது பெருவிரல் வாங்குவோம், இங்கே வலது. என் பண்ணையாளின் ரேகையில் குறுக்காக ஒரு கோடு ஓடுகிறது. பழைய வெட்டுத் தழும்பாக இருக்கும். அரிவாள் பட்டதா, குண்டுச் சில்லா என்று படிவத்தில் கட்டம் இல்லை.